ஸ்டார் டிரெக்: எந்த ஓட்டையை மன்னிக்கலாம்?

வளைவு ஒன்பது:

ஸ்டார் டிரெக் விண்வெளித் தொடர்களில், 1966-இல் தொடங்கிய பழைய தொடருக்கு முன்கதையான ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸின் இரண்டாம் பருவத்தைத் திரும்பப் பார்த்து முடித்தேன். 2023-இல் அதன் மூன்றாம் அத்தியாயம் வந்தபோது ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கு அன்றும் உறுத்தவில்லை, இன்றும் உறுத்தவில்லை. மரபணு மேம்படுத்தப்பட்ட கொடுங்கோலன் கான் நூனியன் சிங் 1992 முதல் 1996 வரை உலகின் கால் பங்குக்கு மேல் ஆண்டான் என்று 1967-இல் வந்த 'ஸ்பேஸ் சீட்' அத்தியாயத்தில் வல்கன் என்ற வேற்றுக்கோள் இனத்து அதிகாரி ஸ்பாக் சொன்னார். புதிய தொடரிலோ அதே கான் இருபத்தொன்றாம் நூற்றாண்டு டொராண்டோவில் சிறுவனாக உட்கார்ந்திருக்கிறான். முப்பது ஆண்டு தள்ளிப்போயிருக்கிறது. போகட்டும். ஆணவக்காரன் ஒருவன் ஆண்டான், தோற்றான், உறைநிலையில் தப்பினான், எண்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் கிர்க் அவனை எழுப்பி வினையை விலைக்கு வாங்கினார். இதில் எதுவும் ஆட்டம் காணவில்லை.

என் கோபமெல்லாம் 2009 படத்தின் மேல்தான். வார்ப் வேகத்தில், அதாவது ஒளியை மிஞ்சி, விரையும் கப்பலுக்குள், எங்கோ ஒரு கோளிலிருந்து ஆளை நேராக அனுப்பிவைக்கும் டிரான்ஸ்போர்ட்டர் சூத்திரம் அதில் வருகிறது. 2013 படத்தில் அதே நுட்பத்தைக் கொண்டு கான் பூமியிலிருந்து க்ளிங்கன் என்ற எதிரி இனத்தின் தாய்க்கோளுக்கே ஒரே தாவலில் போய்விடுகிறான். இனிமேல் கப்பல் எதற்கு? அந்தப் படத்திலேயே கானின் இரத்தம் இறந்த கிர்க்கை உயிர்ப்பிக்கிறது. இனிமேல் மரணம்தான் எதற்கு?

ஒரு பிழை தனக்குப் பின்னால் வரும் கதைகளை வாழவிடுகிறதா, கழுத்தை நெரிக்கிறதா என்றுதான் நான் பார்க்கிறேன். வாழவிட்டால் மன்னித்துவிடுவேன். நீங்கள் எப்படி?

பழைய தளபதி:

தேதியை இவ்வளவு இலேசாகத் தூக்கிப் போட்டுவிட்டீர்களே! உங்கள் அளவுகோல்படி பார்த்தால் எந்த எண்ணுக்கும் எந்தப் பெயருக்கும் மதிப்பில்லை. கதை நடந்தால் போதும் என்றாகிவிடும். ஒரு கற்பனை உலகத்தை நான் ஏன் நம்புகிறேன்? அங்கே சொல்லப்பட்டது சொல்லப்பட்டதாகவே இருக்கும் என்ற உறுதியால்தான். 1967-இல் ஒரு கதாபாத்திரம், அதுவும் ஸ்பாக், ஆண்டு குறித்துச் சொன்னதை 2023-இல் மாற்றலாம் என்றால், 2023-இல் சொன்னதை 2040-இல் மாற்ற மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மாறுகொளக் கூறல்' ஒன்று. அதற்கு விதிவிலக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குவார்க்கின் கடன்காரன்:

அதே பட்டியலில் 'சென்று தேய்ந்து இறுதல்' என்றும் ஒன்று உண்டு, தளபதி ஐயா. வாயேஜர் தொடருக்காகவே எழுதிவைத்தது போல இருக்கும்.

சாம்பல் நெபுலா:

தளபதி ஐயா, உங்கள் கொள்கையை உங்கள் பிரியமான பழைய தொடரே கடைப்பிடிக்கவில்லையே. 1966-இல் ஒரு கல்லறைக் கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று பொறித்திருந்தது. 'டைபீரியஸ்' என்ற நடுப்பெயர் 1974-இல் கார்ட்டூன் தொடரில்தான் வந்தது. வார்ப் பயணத்தைக் கண்டுபிடித்த செஃப்ரம் காக்ரேன் 1967-இல் ஆல்ஃபா சென்டாரி என்ற வேற்று விண்மீனைச் சேர்ந்தவர். 1996 படத்தில் அவர் மொன்டானாவில் குடித்துவிட்டு ராக்கெட் கட்டுகிறார். இதையெல்லாம் நீங்கள் பொறுத்துக்கொண்டுதானே வந்திருக்கிறீர்கள்?

வளைவு ஒன்பது அவர்களுக்கும் ஒரு கேள்வி. கப்பலைத் தேவையற்றதாக்கியது 2009 படம் என்கிறீர்கள். மரணத்தை டிரான்ஸ்போர்ட்டர் எப்போதோ தேவையற்றதாக்கிவிட்டது. 1989-இல் நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் இரண்டாம் பருவத்தில் கப்பல் மருத்துவர் புலாஸ்கி மூப்பு நோய் பிடித்து நாள் கணக்கில் கிழவியாகிறார். அவருடைய தலைமுடியில் கிடைத்த மரபணுவை வைத்து டிரான்ஸ்போர்ட்டர் வழியே பழைய உடம்புக்குத் திருப்பிவிடுகிறார்கள். 1992-இல் கேப்டன் பிக்கார்ட் உட்பட நால்வர் டிரான்ஸ்போர்ட்டர் கோளாறில் சிறுவர்களாகி, அதே கருவியால் பெரியவர்களாகிறார்கள். அதே ஆண்டில் பழைய தொடரின் பொறியாளர் ஸ்காட்டி டிரான்ஸ்போர்ட்டரின் நினைவகத்துக்குள் எழுபத்தைந்து ஆண்டுகள் வாடாமல் இருந்து வெளியே வருகிறார். மூன்றையும் சேர்த்தால் சாகாவரம். அப்படியிருந்தும் அடுத்த வாரம் யாராவது ஒரு மாலுமி வயிற்றில் அடிபட்டுச் சாகிறார், மருத்துவர் கையைப் பிசைகிறார். உங்கள் அளவுகோல்படி நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கழுத்து 1989-இலேயே நெரிபட்டுவிட்டது.

வளைவு ஒன்பது:

நல்ல அடி. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புலாஸ்கியின் கதையில் அது அபாயமான முயற்சி. மாதிரி கிடைப்பதே பெரும்பாடு. கடைசி நிமிடத்தில் கை கொடுத்த ஒற்றை வழி. 'இது எல்லாருக்கும் எப்போதும் பலிக்காது' என்று பார்ப்பவர் தாமாக நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. 2009 சூத்திரத்துக்கு அந்த இடமே இல்லை. முதல் முறையே பலிக்கிறது. ஒருவர் தண்ணீர்க் குழாய்க்குள் மாட்டிக்கொண்டதைத் தவிர வேறு கேடு இல்லை. பிறகு 2013-இல், 'என் சமன்பாட்டை ஸ்டார்ஃப்ளீட் (அவர்களுடைய விண்படை) பறித்துக்கொண்டது' என்று ஸ்காட்டி புலம்புகிறார். பறித்தது தாளைத்தானே, தலையை அல்லவே? எழுதியவர் பக்கத்திலேயே நிற்கிறார். கானைத் துரத்த கிர்க் ஏன் கப்பலைக் கிளப்ப வேண்டும்?

குவார்க்கின் கடன்காரன்:

ஏனென்றால் கப்பல் இல்லாமல் படம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

நட்சத்திரத் தேதி:

எல்லாரும் அறம் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கணக்குப் பேசுகிறேன்.

பழைய தொடரின் வார்ப் கணக்கு என்று ரசிகர்கள் வைத்திருப்பது எளிது: வார்ப் எண்ணின் மூன்றாம் அடுக்கு எவ்வளவோ, ஒளி வேகத்தைப் போல அத்தனை மடங்கு. வார்ப் 8.4 என்றால் சுமார் 593 மடங்கு. 1969-இல் வந்த 'தட் விச் சர்வைவ்ஸ்' அத்தியாயத்தில் கப்பல் 990.7 ஒளியாண்டு அப்பால் தூக்கி எறியப்படுகிறது. திரும்பி வர வார்ப் 8.4-இல் பதினொன்றரை மணி நேரம் ஆகும் என்று ஓர் அதிகாரி சொல்ல, '11.337 மணி' என்று ஸ்பாக் திருத்துகிறார். அவ்வளவு துல்லியம்! மூன்றாம் அடுக்குக் கணக்குப்படி அந்தப் பயணத்துக்கு ஒரு வருடம் எட்டு மாதம் ஆக வேண்டும்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 11.337 மணியில் 990.7 ஒளியாண்டு என்றால் மணிக்கு 87 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேல். வாயேஜர் கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தொலைவில் சிக்கிக்கொண்டது. எழுபத்தைந்து ஆண்டு பயணம் என்று கேப்டன் ஜேன்வே அறிவிக்கிறார், ஏழு பருவங்களின் அழுகையும் அதில்தான் நிற்கிறது. ஸ்பாக்கின் வேகத்தில் போயிருந்தால் 801 மணி நேரம், அதாவது முப்பத்து மூன்று நாளில் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். நூறு ஆண்டு பழைய கப்பலில்!

வளைவு ஒன்பது சொல்வதுபோல் பின்னால் வரும் கதையைக் கொல்வதுதான் குற்றம் என்றால், 1969-இல் சொன்ன ஒரு தசம எண் 1995-இல் தொடங்கிய ஒரு தொடரையே கொன்றிருக்க வேண்டும். கொல்லவில்லை. ஏன்? யாரும் கணக்குப் போட்டுக்கொண்டே பார்ப்பதில்லை.

பழைய தளபதி:

நீங்கள் போடுகிறீர்களே!

நட்சத்திரத் தேதி:

நான் போட்டும் இரசிக்கிறேன். அதுதான் என் வாதம்.

ஏழாம் தளம்:

வணக்கம். நான் புதியவன். ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் பார்த்துவிட்டுத்தான் 1966 தொடருக்குப் போயிருக்கிறேன், தலைகீழ் வரிசை என்று தெரியும். கார்ன் என்ற வேற்றுக்கோள் இனத்தின் விஷயம் குழப்புகிறது. புதிய தொடரில் கார்ன்கள் கொடூரமானவர்கள், உடலுக்குள் முட்டையிட்டுப் பெருகுபவர்கள். ஸ்பாக்கும் சக அதிகாரி உஹுராவும் அவர்களோடு நேருக்கு நேர் மோதுகிறார்கள். 1967-இல் வந்த 'அரீனா'வில் அதே ஸ்பாக்கும் உஹுராவும் கார்ன் என்ற பெயரை அன்றுதான் கேட்பது போல இருக்கிறார்கள். இதற்கு ஏதாவது விளக்கம் உண்டா, அல்லது கண்டுகொள்ளாமல் போய்விட வேண்டுமா?

பழைய தளபதி:

பாருங்கள், தம்பி சொல்வதைக் கேளுங்கள். நான் எதற்காகக் கூச்சல் போடுகிறேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 'அரீனா'வின் உயிரே அறியாமைதான். எதிரி யார் என்று தெரியாது. தாக்கினான், அழித்தான், துரத்திக் கொல்லத் துடிக்கிறார் கிர்க். கடைசியில், அத்துமீறிக் குடியேறியது தம் மக்களோ என்ற ஐயம் வருகிறது. கத்தியை ஓங்கியவர் கையை இறக்குகிறார். கார்ன்கள் முட்டையிட்டு மனிதரைத் தின்னும் விலங்குகள் என்று கப்பல் முழுக்க முன்பே தெரிந்திருந்தால் அந்த ஐயம் எங்கிருந்து வரும்? வளைவு ஒன்பது, இது வெறும் தேதி இல்லை. பின்னால் எடுத்தது முன்னால் எடுத்ததைக் கொல்கிறது. உங்கள் அளவுகோல் முன்னோக்கி மட்டும்தான் பார்க்கிறது. பின்னோக்கியும் பார்க்க வேண்டும்.

வளைவு ஒன்பது:

இதை ஏற்றுக்கொள்கிறேன். கார்ன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கான் விஷயத்தில் இன்னும் நகர மாட்டேன்.

சாம்பல் நெபுலா:

எனக்கு வேறு கவலை. ஓட்டையைவிட, அதை அடைக்கப் போட்ட ஒட்டு அசிங்கமாக இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. க்ளிங்கன் நெற்றியைத்தான் சொல்கிறேன்.

1967-இல் க்ளிங்கன்கள் என்றால் கரிய சாயமும் மீசையும்தான். அன்றைக்கு இருந்த பணம் அவ்வளவுதான். 1979 படத்தில் பணம் வந்தது, நெற்றியில் மேடும் வந்தது. யாரும் விளக்கம் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. 1994-இல் டீப் ஸ்பேஸ் நைன் தொடர் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பழைய தொடரின் க்ளிங்கன்களான கோர், கோலோத், காங் மூவரையும் அதே நடிகர்களோடு கொண்டுவந்து நெற்றியில் மேட்டை ஒட்டிவிட்டது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. 'எப்போதும் இப்படித்தான் இருந்தார்கள், உங்கள் தொலைக்காட்சி சரியாகக் காட்டவில்லை' என்பதுபோல. அழகு!

1996-இல் அதே தொடர் பழைய கப்பலுக்குக் காலப்பயணம் போனது. பழைய காட்சிகளுக்குள் புதிய நடிகர்களைச் செருகினார்கள், ஆகவே தட்டை நெற்றி க்ளிங்கன்கள் திரையில் தெரிந்தே ஆக வேண்டும். எல்லாரும் தங்களோடு வந்த மேட்டு நெற்றி க்ளிங்கன் வார்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். வெளியாரிடம் இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்று அவர் முடித்துவிடுகிறார். இந்தத் தொடரில் எழுதப்பட்ட ஆகச் சிறந்த தொடர்ச்சி விளக்கம் இதுதான் என்பேன். பிழை இருப்பதை ஒத்துக்கொள்கிறது, ஒரு கதாபாத்திரத்தின் மானத்தோடு அதைக் கட்டிவிடுகிறது, சிரிப்பும் வருகிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். 2005-இல் எண்டர்பிரைஸ் தொடர் இரண்டு அத்தியாயம் செலவழித்து விளக்கியது: மேம்படுத்தப்பட்ட மனிதக் கருக்களின் மரபணுவைக் க்ளிங்கன் விஞ்ஞானிகள் தங்கள் மக்களிடம் சோதிக்க, அது தொற்றுநோயாகி, நெற்றி தட்டையானது. சரி, அறிவாளித்தனமான கதைதான். ஆனால் கோர் எப்போது, எப்படி மேட்டைத் திரும்பப் பெற்றார்? 2017-இல் டிஸ்கவரி தொடர் வந்தது. பழைய தொடருக்குப் பத்தாண்டு முன்னால் நடக்கும் கதை. தட்டை நெற்றிக்காரர் ஒருவர் கூடக் கண்ணில் படவில்லை. மாறாக, எல்லாருக்கும் மொட்டைத் தலை, இன்னும் பெரிய மண்டை. பன்னிரண்டு ஆண்டுகூடத் தாங்காத சப்பைக்கட்டு! அதை எழுதாமல் இருந்திருந்தால் டிஸ்கவரியின் ஒப்பனையைப் பார்த்து 'புது ஒப்பனை' என்று நகர்ந்திருப்போம். விளக்கம் சொல்லிவைத்ததால்தான் முரண்பாடு பிறந்தது.

குவார்க்கின் கடன்காரன்:

நெபுலா அக்கா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். விளக்கம் என்பது கடன் மாதிரி. ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்க வேண்டும். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், அனுபவத்தில் சொல்கிறேன்.

நட்சத்திரத் தேதி:

விளக்கமே வேண்டாம் என்பது எனக்கு ஒத்துவராது. சில விளக்கங்கள் கதையைவிடச் சுவையானவை. எண்டர்பிரைஸின் ரஷ்ய அதிகாரி செக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1982 படத்தில் கான் அவரைப் பார்த்ததும், உன் முகத்தை நான் மறக்கவில்லை என்கிறான். 'ஸ்பேஸ் சீட்' ஒளிபரப்பானது பிப்ரவரி 1967, முதல் பருவம். வால்டர் கோனிக் செக்காவாக வந்து சேர்ந்தது இரண்டாம் பருவத்தில். ஆக, கான் பார்த்தே இருக்க முடியாது. தலையில் அடித்துக்கொள்ளாதவர் இல்லை.

ஆனால் கதைக்குள் நாள் குறிக்கும் எண்ணான நட்சத்திரத் தேதியைப் பாருங்கள் (என் பெயருக்கும் ஒரு பயன் வேண்டாமா). 'ஸ்பேஸ் சீட்' நடப்பது 3141.9-இல். செக்காவ் பணியில் இருக்கும் 'கேட்ஸ்பா' அத்தியாயம் அக்டோபர் 1967-இல் ஒளிபரப்பானாலும் அதன் தேதி 3018.2. அதாவது கானைக் கண்டெடுப்பதற்கு முன்பே செக்காவ் கப்பலில் இருக்கிறார். நமக்குக் காட்டப்படாத ஏதோ ஒரு தளத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். கோனிக்கே ரசிகர் கூட்டங்களில் ஒரு வேடிக்கை சொல்வார்: செக்காவ் கழிவறையில் நேரம் கடத்தியதால் வெளியே காத்திருந்த கானுக்கு அந்த முகம் மறக்கவில்லையாம்.

பழைய தளபதி:

நட்சத்திரத் தேதிகள் ஒளிபரப்பு வரிசையிலும் இல்லை, கதை வரிசையிலும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். தோராயமாகப் போட்ட எண்களை வைத்து வழக்காடுகிறீர்கள்.

நட்சத்திரத் தேதி:

சொல்லப்பட்டது சொல்லப்பட்டதாகவே இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே மேலே எழுதினீர்கள்? 3018.2 சொல்லப்பட்டது. எண் உங்களுக்கு வேண்டும்போது கல்வெட்டு, வேண்டாதபோது தோராயமா?

குவார்க்கின் கடன்காரன்:

தளபதி ஐயா சரணடையும் வரை நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அதற்குள் வாயேஜரைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். முதல் பருவத்தில், பிப்ரவரி 1995-இல் வந்த அத்தியாயத்தில், கையில் இருப்பது முப்பத்தெட்டு ஃபோட்டான் டார்பிடோக்கள் என்று ஓர் அதிகாரி சொல்கிறார். தீர்ந்தால் மாற்று இல்லை என்கிறார் ஜேன்வே. இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு டார்பிடோவையும் எண்ணி எண்ணிச் சுடுவார்கள், பட்டினியும் பழுதும் கப்பலைத் தின்னும் என்று நினைத்தேன். ஏழு பருவத்தில் முப்பத்தெட்டை எப்போதோ தாண்டிவிட்டார்கள். ஷட்டில்கள் வெடிப்பதற்கென்றே பிறந்தவை போல வெடித்தன. 1998-இல் டெல்டா ஃபிளையர் என்று புத்தம்புது விண்கலத்தையே கட்டினார்கள். 2000-இல் அது சுக்குநூறானது. அடுத்த சில அத்தியாயங்களில் இன்னொன்று! வாரக் கடைசியில் கப்பல் மெருகு குலையாமல் பளபளக்கிறது.

இதில் முரண்பட்ட வசனம் என்று எதையும் காட்ட முடியாது. எங்கோ தொழிற்சாலை வைத்துச் செய்துகொண்டார்கள் என்று ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடலாம். ஆனால் என் நெஞ்சில் தங்கிய பிழை இதுதான். கொடுத்த வாக்கை மறந்துவிட்டார்கள். டீப் ஸ்பேஸ் நைனிலிருந்து வாயேஜருக்கு வந்த எழுத்தாளர் ரொனால்ட் டி. மூர் சில வாரங்களிலேயே வெளியேறினார். பிறகு அவர் உருவாக்கிய பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில், எஞ்சிய மனிதர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை முகப்பிலேயே காட்டினார்கள். செத்தால் குறையும். அந்தக் கப்பலில் ஒரு கீறல் விழுந்தாலும் அடுத்த வாரம் அங்கேயே இருக்கும். எனக்கு ஓர் எண் மாறினால் கவலையில்லை. எண்ணுக்கு அர்த்தம் இல்லாமல் போனால்தான் வயிறு எரிகிறது.

வளைவு ஒன்பது:

கடன்காரரே, நான் முதலில் சொல்ல நினைத்ததை நீங்கள் இன்னும் நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

சாம்பல் நெபுலா:

மூரைப் புகழ்கிறீர்களே, ஸ்காட்டி விவகாரத்தில் அவர் பெயரும் இருக்கிறதே. 1992-இல் 'ரெலிக்ஸ்' அத்தியாயத்தை எழுதியவர் அவர். எழுபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு விழித்த ஸ்காட்டி, எண்டர்பிரைஸ் கப்பல் மீட்டது என்று கேட்டவுடன், ஜிம் கிர்க்கே என்னைத் தேடிக் கப்பலைக் கிளப்பிக்கொண்டு வந்திருப்பார் என்கிறார். இரண்டு ஆண்டு கழித்து, 1994-இல், மூரும் பிரானன் பிராகாவும் எழுதிய ஜெனரேஷன்ஸ் படத்தில் கிர்க் விண்வெளியில் அடித்துச் செல்லப்படுகிறார். கிழிந்த கப்பல் சுவரின் அருகே நின்று அந்த வெற்றிடத்தைப் பார்ப்பவர்களில் ஸ்காட்டியும் ஒருவர். அது நடந்த பிறகுதான் ஸ்காட்டி காணாமல் போகிறார். தம் கண் முன்னே போன மனிதர் தம்மைத் தேடி வந்திருப்பார் என்று எப்படி நினைப்பார்?

நட்சத்திரத் தேதி:

இதற்குக் காரணம் தெரிந்ததுதான். அந்தக் காட்சிகள் ஸ்பாக்குக்கும் மருத்துவர் மக்காய்க்கும் எழுதப்பட்டவை. அவர்களாக நடிக்கும் நிமோயும் கெல்லியும் மறுத்ததால் வசனங்கள் ஸ்காட்டிக்கும் செக்காவுக்கும் கைமாறின. உள்கதை விளக்கம் வேண்டுமென்றால், எழுபத்தைந்து ஆண்டு நினைவகத்தில் கிடந்தவர் விழித்த கணத்தில் நினைவு தடுமாறியது எனலாம்.

பழைய தளபதி:

தடுமாறவில்லை. கிர்க் செத்தார் என்று ஸ்காட்டி ஒருநாளும் நம்பவில்லை. உடல் கிடைத்ததா? இல்லை. எத்தனை முறை சாவின் வாயிலிருந்து மீண்டவர்! தம்மைத் தேடி ஒரு எண்டர்பிரைஸ் வந்தது என்றால் அதில் கிர்க்தான் இருப்பார் என்று நினைப்பது ஸ்காட்டிக்கு இயல்பு. இதில் ஓட்டையே இல்லை, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்காட்டி மேல் இன்னும் பாசம் கூடுகிறது.

சாம்பல் நெபுலா:

தளபதி ஐயா! சப்பைக்கட்டு கட்டுகிறீர்கள்!

பழைய தளபதி:

நல்ல சப்பைக்கட்டுக்கு நான் எதிரி என்று எப்போது சொன்னேன்? கதாபாத்திரத்தின் குணத்திலிருந்து விளக்கம் பிறந்தால் ஏற்றுக்கொள்வேன். கிருமியையும் காலப்போரையும் கூப்பிட்டால்தான் ஒப்ப மாட்டேன். கான் விஷயத்துக்கு வருகிறேன், அதை இன்னும் விடவில்லை.

1967-இல் எழுதியவர்களுக்கு 1992 கால் நூற்றாண்டு தள்ளி இருந்தது. சரி, 1992 வந்தது. கானின் போர் வரவில்லை. அந்த நாளிலேயே ஸ்டார் டிரெக் நம் எதிர்காலம் இல்லை என்று ஆகிவிட்டது. அது இன்னொரு மனித குலத்தின் வரலாறு. அதில் என்ன குறை? நம்மைவிடக் கெட்டுப்போன இருபதாம் நூற்றாண்டைத் தாண்டி வந்தவர்கள் என்று நினைத்தால் அவர்கள் மேல் மதிப்பு கூடவே செய்கிறது. தொடரை எடுத்தவர்களுக்குத்தான் அதை ஏற்கத் தைரியமில்லை. 1996-இல் வாயேஜர் கப்பலே 1996-க்குப் பயணம் போனது. லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரையில் வெயில் காய்கிறார்கள், போரின் சுவடே இல்லை. 2023-இல் ரோமுலன் என்ற எதிரி இனத்து உளவாளி ஒருத்தியின் வாயால் சொல்ல வைக்கிறார்கள்: காலப்போர்களால் வரலாறு நெளிந்துவிட்டது, இதெல்லாம் 1992-இல் நடந்திருக்க வேண்டியது, முப்பது ஆண்டாகக் காத்துக் கிடக்கிறேன் என்று. இப்படி ஒரு வசனம் இருந்தால் இனி எந்த முரணுக்கும் அதுவே பதில். திறவுகோல் ஒன்று, பூட்டு ஆயிரம்.

வளைவு ஒன்பது:

எனக்கு அங்கேதான் உங்களோடு அடிப்படையில் வேறுபாடு. இன்னொரு மனித குலத்தின் வரலாறு என்றால் எனக்கு அதில் அக்கறை பாதியாகிவிடும். 1966-இல் பனிப்போர் நடுவில் ஒரு ரஷ்யனும் ஒரு ஜப்பானியனும் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணும் ஒரே தளத்தில் உட்காரப்போகிறார்கள் என்று சொன்னதற்கு (செக்காவ் அடுத்த ஆண்டுதான் வந்தார், நட்சத்திரத் தேதி திருத்துவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்) ஏன் அவ்வளவு வலு? அது 'நாம்' என்பதால். எங்கோ ஓர் இணையுலகில் யாரோ ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்றால் நல்லது, வாழ்த்துகள், எனக்கென்ன?

2022-இல் ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸின் முதல் அத்தியாயத்திலேயே கேப்டன் பைக் ஒரு வேற்றுக்கோள் மக்களிடம் பூமியின் வரலாற்றைக் காட்டுகிறார்: இரண்டாம் உள்நாட்டுப் போர், பிறகு கானின் யூஜெனிக்ஸ் போர், கடைசியில் மூன்றாம் உலகப் போர். அந்தப் பட்டியல் 1990-களில் நடந்து முடிந்த கதை என்றால் பார்ப்பவர் கொட்டாவி விடுவார். இனிமேல் நடக்கக்கூடும் என்று இருந்தால் முதுகு சில்லிடும். முப்பது ஆண்டு தள்ளிவைத்ததன் விலை ஸ்பாக்கின் ஒரு வசனம். வாங்கியது இந்தச் சில்லிப்பு. எனக்கு இலாபம்தான்.

பழைய தளபதி:

2060-இலும் போர் வராவிட்டால்?

வளைவு ஒன்பது:

வராவிட்டால் இன்னொரு முறை தள்ளிவைக்கட்டும். போர் வராமல் போனதற்காக வருத்தப்பட நான் தயாராக இல்லை!

நட்சத்திரத் தேதி:

இன்னும் சிக்கல் வேண்டுமா? 1982 படத்தில் கான், இருநூறு ஆண்டுக்கு முன் பூமியில் தான் இளவரசன் என்கிறான். 1996-இலிருந்து எண்ணினால் ஏறக்குறைய முந்நூறு வர வேண்டும். 1997-இல் டீப் ஸ்பேஸ் நைனில் ஓர் அட்மிரல், இன்னும் ஒரு நூற்றாண்டு கழித்து நின்றுகொண்டு, அதே இருநூறு என்கிறார். ஆக, தேதி 2023-க்கு முன்பே இரண்டு தடவை நகர்ந்திருக்கிறது. யாரும் ஊர்வலம் போகவில்லை.

ஏழாம் தளம்:

தலை சுற்றுகிறது. காலப்பயண விதியாவது ஒன்றா? 1967-இல் மக்காய் ஒரு பெண்ணைக் காப்பாற்றியதும் எதிர்காலமே அழிந்துபோகிறது. 1992-இல் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் எந்திர மனிதன் டேட்டாவின் தலை பூமிக்கடியில் ஐந்நூறு ஆண்டாகக் கிடக்கிறது, நடப்பதெல்லாம் முன்பே நடந்து முடிந்த வட்டம். 2009 படத்தில் கிளை பிரிந்து புதிய உலகம் உண்டாகிறது. மூன்றும் ஒரே உலகத்தில் எப்படிச் சரியாகும்?

சாம்பல் நெபுலா:

ஆகாது. ஒவ்வொரு கதைக்குள்ளும் அதன் விதி ஒழுங்காக இருந்தால் எனக்குப் போதும். மக்காய் காப்பாற்றிய அந்தப் பெண், எடித் கீலர், சாக வேண்டும் என்ற வலி, வரலாறு அழிந்து எழுதப்படும் விதியில்தான் பிறக்கும். கிளை பிரியும் என்றால் கிர்க் அவளைக் காப்பாற்றிவிட்டு நிம்மதியாக இன்னொரு கிளையில் வாழ்ந்துவிடுவார்.

பழைய தளபதி:

தம்பி, காலப்பயணத்தை ஒதுக்கிவையுங்கள். 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' பார்த்துவிட்டீர்களா? டிசம்பர் 1966. ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் முதல் பருவத்தின் கடைசி அத்தியாயம் அதன் மேல்தான் கட்டியிருக்கிறது. மூலத்தைப் பார்க்காமல் அதைப் பார்த்திருந்தால் பாதிச் சுவை போயிருக்கும்.

ஏழாம் தளம்:

நேற்றிரவு பார்த்தேன், ஐயா. நீர்மூழ்கிக் கப்பல் சண்டை போல மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ரோமுலன் கமாண்டராக நடித்தவர் பிறகு ஸ்பாக்கின் தந்தையாகவும் வருகிறார் என்று படித்தேன், அதையும் ஓட்டையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். போர் நடந்து நூறு ஆண்டாகியும் ரோமுலன் முகத்தை யாரும் பார்த்ததில்லை என்கிறார்கள். திரையில் முகம் தெரிந்ததும் எல்லாரும் ஸ்பாக்கைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மனிதருக்குத் தெரியாது, சரி. வல்கன்களுக்குமா தெரியாது? தங்களிடமிருந்து பிரிந்து போன கூட்டம் என்று அவர்கள் வரலாற்றில் இல்லையா? தெரிந்தே மறைத்தார்களா?

பழைய தளபதி:

ஸ்பாக்குக்குத் தெரியாது. அந்த அத்தியாயத்திலேயே அவர் ஊகமாகத்தான் சொல்கிறார். ஸ்பாக் பொய் சொல்ல மாட்டார்.

குவார்க்கின் கடன்காரன்:

எண்டர்பிரைஸ் நான்காம் பருவத்தில், நூறு ஆண்டு முன்னாலேயே, வல்கன் தலைமை நிர்வாகி ஒரு ரோமுலனோடு இரகசியமாகக் கூடிப் பேசுகிறார், ஐயா. மேல்மட்டத்துக்குத் தெரியும்.

பழைய தளபதி:

ஒரு துரோகிக்குத் தெரிந்ததை வைத்து ஓர் இனத்தையே பொய்யர் ஆக்காதீர்கள். அதே எண்டர்பிரைஸ்தான் 2002-இல் ரோமுலன் கப்பலுக்கு, அதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் மறைதிரை கொடுத்தது. 1966-இல் ஸ்பாக் 'கொள்கை அளவில் சாத்தியம்' என்று வியந்து பேசிய பொருளை! அந்தத் தொடரின் சாட்சியை நான் ஏற்பதில்லை.

சாம்பல் நெபுலா:

தம்பி ஏழாம் தளம், மற்ற ரோமுலன்கள் ஏன் தலைக்கவசம் போட்டிருந்தார்கள் தெரியுமா? அத்தனை பேருக்கும் கூர்க்காது ஒட்டப் பணமில்லை. இதைத் தளபதி ஐயா உள்கதைக்குள் எப்படிக் கொண்டுவருகிறார் என்று பார்ப்போம்.

பழைய தளபதி:

போர்க்கப்பலில் கவசம் போடாமல் இருப்பதுதான் விளக்கம் கேட்க வேண்டிய விஷயம். கிர்க்கின் ஆட்கள் ஏன் போடவில்லை என்று கேளுங்கள்.